வா என்றால் நில்

தொண்ணூற்றேழாம் வருடத்து ஃபோர்டு டிரக்.
ரிவர்ஸ் விளக்கு இரண்டு.
ஒன்றில் ஈரம் புகுந்து பாசி படர்ந்திருந்தது.
மற்றது எரிந்தது,
எரிகிறதா என்று
இறங்கிப் போய்ப் பார்க்கவேண்டிய அளவுக்கு.

அக்டோபர் வந்தால் மினசோட்டா வடக்கில்
சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே ஏரி கருத்துவிடும்.
படகை ஏற்ற
டிரெய்லரைப் பின்னால் தள்ளிச்
சிமெண்டுச் சரிவில் இறக்கவேண்டும்.
ஸ்டியரிங்கை இடதில் திருப்பினால்
டிரெய்லர் வலதில் போகும்.
இதுவே போதும் ஒரு மனுஷியைக் குழப்ப.
இதில் ஏய்னோ வேறு
பின்னால் நின்று கை காட்டுவான்.

கண்ணாடியில் எனக்குத் தெரிவது
அவன் சிகரெட் முனை மட்டும்.
அது மேலே போனால் வா,
கீழே இறங்கினால் நில்
என்பது நானாக வைத்துக்கொண்ட கணக்கு.
அந்தக் கணக்கில்
படகுத்துறைப் பலகை நான்கு போயிற்று.
டொய்வோ வீட்டுத் தபால்பெட்டி
இரண்டு முறை போயிற்று.
ஒரு தரம் பின்சக்கரம் இரண்டும்
பம்பரோடு தண்ணீருக்குள்.
ஆடத் தெரியாதவள் கூடத்தைக் குறை சொன்ன கதையாக
நானும் இருட்டைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

"கையக் காட்டினேனே!"
"இருட்டுல எவ கண்டா!"

பதினாறு வருடம்
இந்த இரண்டு வரியிலேயே குடும்பம் ஓடியது.
வீடு வந்து செதில் சுரண்டும்போதும் தொடரும்,
சில இரவு போர்வைக்குள்ளும்.

போன சனிக்கிழமை
உதிரிபாகக் கடையில் ஒரு ஜோடி எல்இடி வாங்கினேன்.
கல்லாவில் இருந்த பையன் கேட்டான்,
"உங்க வீட்டுக்காரர் மாட்டிருவாரா?"
"அவருக்குக் கை காட்டத்தான் தெரியும்."

அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கராஜில் விரித்து
மல்லாந்து படுத்தேன்.
சாலையில் கொட்டிய உப்பு
இத்தனை குளிர்காலமும் போல்ட்டைத் தின்று
துருவாகக் கக்கியிருந்தது.
எண்ணெய் விட்டேன், தட்டினேன், வைதேன்.
வைததில்தான் கழன்றது.

பழைய ஒயர் இந்த வெளிச்சத்தைத் தாங்காது.
நடுவில் ஒரு ரிலே வைத்தேன்.
பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த சிவப்பு ஒயர்,
வழியில் ஒரு ஃபியூஸ்.
சேஸிஸில் பெயிண்டைச் சுரண்டி
வெறும் இரும்பு தெரிந்த இடத்தில் எர்த்.
முதல் தடவை ஒன்றும் எரியவில்லை.
இரண்டாம் தடவை
பிரேக்கை மிதித்தால் எரிந்தது.
மூன்றாம் தடவை ரிவர்ஸ் போட்டதும்
பின்னாலிருந்த பிர்ச் மரங்கள்
திருடும்போது பிடிபட்டவர்கள் போல
வெளுத்துப்போய் நின்றன.

அன்று இரவே ஏரிக்குப் போனோம்.
கண்ணாடி நிறைய வெளிச்சம்.
சரிவின் ஈரம்.
அதில் ஒட்டிக்கிடந்த மேப்பிள் இலை.
தண்ணீருக்கடியில்
யாரோ விட்டுப்போன ஒற்றை ரப்பர் பூட்ஸ்.
நடுவில் ஏய்னோ.

இத்தனை வருடத்தில் அன்றுதான்
அவன் கையைப் பார்த்தேன்.
சிகரெட் வாயில் இருந்தது.
விரல்களை மூடி
முஷ்டியை நெஞ்சுப் பக்கமாக
இழுத்து இழுத்துக் காட்டினான்.
வா, வா.
போனேன்.
"நில்லு! நில்லுடி!" என்று அலறினான்.

இறங்கிப் போய்க் கேட்டேன்.
அவனுக்கு அதுதான் நில்.
காட்டில் மரம் இழுத்த குதிரையை
அவன் அப்பா அப்படித்தான் நிறுத்துவாராம்,
கடிவாளத்தைத் தன் பக்கம் இழுத்து.
"அப்ப வான்னு எப்படிக் காட்டுவ?"
இரண்டு கையையும் முன்னால் நீட்டித்
தளர்த்திக் காட்டினான்.
ஊரில் யாரைக் கேட்டாலும்
அது நில்.

ஆக, இருட்டின் மேல்
ஒரு குற்றமும் இல்லை.
தபால்பெட்டிகளை நினைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் இருவரும் பேசாமல் நின்றோம்.
தண்ணீர் டயரை நக்கிக்கொண்டிருந்தது.
"என்னை என்ன குதிரைன்னா நெனச்ச?"
என்று கேட்க வந்தேன்.
சிரிப்பு முந்திக்கொண்டது.

எதற்கு எது என்று
புதிதாகப் பேசி முடிவு செய்துகொண்டு
ஏறி உட்கார்ந்து மறுபடி ரிவர்ஸ் போட்டேன்.
கண் கூசியதோ என்னவோ, ஏய்னோ
இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.
விரலில் அப்பியிருந்த மீன்செதில் வரை
பளிச்சென்று தெரிந்தது.

இதற்கு என்ன அர்த்தம் என்பதுதான்
தெரியவில்லை.