சனிக்கிழமைக்குக் கட்டம் இல்லை

அறுபத்து மூன்று பிள்ளைகளை
எண்களாக்கி அனுப்பியவள் நான்தான்.
ஒரு பிள்ளைக்கு ஒரு வரி.
முகம் கழுவுதல், பல் துலக்குதல்,
அவசரம் வருவதை முன்கூட்டிச் சொல்லுதல்,
சட்டை மாட்டுதல், கோப்பை பிடித்தல்.
சிரமமில்லை என்றால் பூஜ்யம்.
முடியவே முடியாது என்றால் நான்கு.
ஜெலுத்தோங் சிகிச்சை அறையில், மின்விசிறிக்கு அடியில்,
தாள் பறக்காமலிருக்க மைலோ டின்னை வைத்துக்கொண்டு
இரண்டு மாதம் நிரப்பினேன்.
கடைசிக் கட்டத்தில் என் தீர்ப்பு:
இந்தப் பிள்ளை ஏழு வகையில் எந்த வகை.

பல்கலைக்கழகத்திலிருந்து சியூ ஹான் வந்தான்.
மடிக்கணினியில் ஒரு மரம் காட்டினான்.
தலைகீழ் மரம். வேர் மேலே.
தானாகக் குடிக்கிறதா? ஆம் என்றால் இடப்பக்கம்.
குழாய் திருகுமா? இல்லை என்றால் வலப்பக்கம்.
அடியில் தொங்கும் இலைகளில்
ஒன்று முதல் ஏழு வரை.
"இதற்கு நீங்கள்தான் ஆசிரியை" என்றான் மலாயில்.
பொய் சொல்வானேன்,
எனக்கு அது பிடித்திருந்தது.

இரண்டு வரிகளில் மட்டும்
மரம் என்னோடு ஒத்துப்போகவில்லை.
பதினேழாவது வரி மரத்தின் தவறு.
அந்தச் சிறுமிக்குப் பல் துலக்கத் தெரியும்;
துலக்க வேண்டும் என்பதுதான் தெரியாது.
நாற்பத்தொன்று, யஷ்வின். ஒன்பது வயது. பெருமூளை வாதம்.
நான் போட்டது ஆறு: எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும்.
மரம் போட்டது மூன்று.
"கருவியின் பிழை, அந்த வரியை நீக்கிவிடலாம்."
சியூ ஹானின் விரல் விசைக்குப் போய்விட்டது.
இரு, என்றேன்.

ரைபிள் ரேஞ்சு பிளாட்டில்
லிஃப்ட் பன்னிரண்டில் நிற்பதில்லை.
பதினொன்றில் இறங்கி ஏறினேன்.
அம்மா லோகேஸ்வரி சொன்னாள்:
ஆறு பத்துக்கு வேன் ஹாரன் அடிக்கும்.
ஆறரைக்கு அவளுக்கு ஃபேக்டரி பஸ்.
பாயான் லெப்பாஸில் சில்லுகளைச் சோதிக்கும் விரல்கள்
ஐந்து பொத்தானை ஒன்பது நொடியில் போட்டுவிடும்.
அவன் சிலை மாதிரி நிற்பான்.
எட்டு மாதமாக மையத்தில் நான் பார்த்ததும்
அந்தச் சிலையைத்தான்.

அன்று சனிக்கிழமை. வேன் கிடையாது.
அவன் தரையில் உட்கார்ந்தான்.
இடக்கை துணியை முழங்காலில் அழுத்திப் பிடித்தது.
வலக்கை பொத்தானைத் தேடிப் போய்
தவறி, திரும்ப வந்து,
நாக்கு வெளியே எட்டிப் பார்க்க,
மறுபடி போனது.
கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்பினார்கள்.
லோகேஸ்வரியின் கை தானாக நீண்டது.
அதை இழுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்து
அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

இருபத்தாறு நிமிடம்.
ஒரு துளை தவறி, காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு
ஐந்து பொத்தானும்.
அவன் எங்களைப் பார்க்கவில்லை.
டிவியைப் போடச் சொன்னான்.

கொம்தார் போகும் பஸ்ஸில் கோப்பைத் திறந்தேன்.
மரம் அவனை ஒருநாளும் பார்த்ததில்லை.
கோப்பை பிடிக்கிறான், குழாய் திருகுகிறான்
என்று நானே போட்ட எண்களை
ஒழுங்காகக் கூட்டிப் பார்த்தது, அவ்வளவுதான்.
பார்த்தவள் நான்.

திங்கள் முதல் வெள்ளி வரை ஆறு.
சனிக்கிழமை மூன்று.
ஒரே கட்டத்தில் இரண்டையும் போட்டால்
கட்டம் சிவக்கிறது.
அழித்தேன். போட்டேன். மறுபடி சிவந்தது.
கோப்பை மூடிவிட்டு
வேன்காரர் ஹம்சாவுக்கு போன் போட்டேன்.
யஷ்வினைக் கடைசியாக ஏற்ற முடியுமா?
பாதையை முணுமுணுத்துக் கணக்குப் போட்டார்.
பன்னிரண்டு நிமிடம் தள்ளலாம், அதற்குமேல் முடியாது.

பன்னிரண்டு நிமிடத்தில்
இரண்டு பொத்தான் போடலாம்.
மீதி மூன்றுக்கு அம்மா.