மூன்று மதிப்பெண்

கிராஸ்மூரில் ஆறு மணிக்குக் கிளம்பும் ரயில்,
மணிக்கு முப்பது கிலோமீட்டர்,
இருபத்து நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும்
டர்பனை எப்போது சேரும்?

கிவேஷன் எழுதியிருக்கிறான்:
சேராது மேடம்.
வெள்ளம் தண்டவாளத்தைக் கொண்டுபோனதிலிருந்து
பள்ளிக்கு நடந்துதான் வருகிறேன்.

விடைக்குறிப்பில் ஆறு நாற்பத்தெட்டு.
சைபர் போட்டேன்.
கூட்டினால் முப்பத்தெட்டு;
தேர்ச்சிக்கு நாற்பது.

என்னதான் கேடு இந்தப் பையனுக்கு என்று
பதிவேட்டைப் புரட்டினேன்.
தாமதம், தாமதம், தாமதம்.
பதினேழு காலைகள்,
எல்லாம் என் கையெழுத்தில்.
முதல் பீரியட் கணக்கு.
முதல் பீரியட் நான்.

கேள்வி எழுதியவளும் நானே,
பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்து.

பேனா சைபர்மேல் நிற்கிறது.
சைபரை எட்டாக்கலாம்,
மூன்றாக்க முடியாது.

நாளை மாடரேட்டர் வருவார்.
காரில்.