நாற்பத்தெட்டாயிரம்

அலமாரிக்குள் உட்கார்ந்துதான் பேசுவேன்.
குளிர் ஊருக்கென்று வாங்கி
ஒரே ஒரு முறை போட்ட கம்பளிச் சட்டைகள்
என் சுவர்கள்.
மைக்குக்கும் வாய்க்கும் நடுவே
உடை மாட்டும் கம்பியை வளைத்து
இழுத்துக் கட்டிய பழைய காலுறை,
'பாதுகாப்பு' என்பதன் முதல் எழுத்து
வெடிக்காமல் இருக்க.

யீஷூன், ஒன்பதாவது மாடி, இரவு பதினொன்றே கால்.

முதலில் ஓர் இரைச்சல்.
கொசு இல்லை. குளிர்சாதனம் இல்லை.
ஃபிரிட்ஜை நிறுத்தினேன்.
பால் கெட்டது, இரைச்சல் கெடவில்லை.
மின்விசிறியை நிறுத்தினேன்.
தயாபரனிடம் மெல்ல மூச்சு விடச் சொன்னேன்.
கடைசியில் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும்
மழை விட்டது போல் ஓர் அமைதி.
மின்கலத்தில் பதினோரு விழுக்காடு.
அதற்குள் சொல்லி முடிக்க வேண்டும்
உயரத்திலிருந்து விழாமல் இருப்பது எப்படி என்று.

மேல்வீட்டில் மாஜோங்.
'கொக்கியை மாட்டிவிட்டீர்களா?' என்று நான் கேட்ட நொடியில்
அங்கே யாரோ ஜெயித்துக் காய்களைக் கலைத்தார்கள்.
வெட்டினேன். வெட்டிய இடம் 'டிக்' என்றது.
பெரிதாக்கி, அலை நடுக்கோட்டைத் தொடும் புள்ளி பார்த்து
மறுபடி வெட்டினேன்.
தழும்பில்லாமல் ஒட்டிக்கொண்டது. ஆனால்
இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே நான் மூச்சே விடவில்லை.
செத்தவள் எச்சரிப்பது போல் இருந்தது.
வெட்டிப் போட்டதிலிருந்து ஒரு மூச்சைப் பொறுக்கி
திரும்ப வைத்தேன்.

துறைமுக ஊரில்
என் ஏற்றுமதி தொண்ணூற்றெட்டில் நின்றது.
வட்டில் இடமில்லையாம்.
தயாபரனின் தங்கை கல்யாண வீடியோ,
ஆறு மணி நேரம், இதுவரை யாரும் பார்க்காதது.
இனி யாரும் பார்க்கவும் முடியாது.
நூறு ஆனது.
கேட்டுப் பார்க்காமலேயே அனுப்பிவிட்டுத் தூங்கினேன்.

மூன்று வாரம் கழித்துத் துவாஸ்.
காசோலை வாங்கப் போன காலை ஏழு மணிக்கு
கட்டுமானத் தளத்து ஒலிபெருக்கியில் ஒருத்தி பேசுகிறாள்.
என் சொற்கள். என் இடைவெளிகள்.
குரல் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நடக்கிறது.
கனத்து, தாழ்ந்து,
எங்கும் போக வேண்டியதில்லாதவள் போல.

புரிந்துவிட்டது, வெட்கம் காது வரை ஏறியது.
வினாடிக்கு நாற்பத்தெட்டாயிரம் துண்டாக
நறுக்கி வைத்த குரலை
நாற்பத்து நாலாயிரத்து நூறாக எண்ணி எண்ணிப்
பரிமாறியிருக்கிறேன்.
ஒரே ஒரு பட்டியலில், ஒரே ஒரு எண்.

'தப்பாகிவிட்டது, இன்றைக்கே மாற்றித் தருகிறேன்'
என்றேன் சியூ லிங்கிடம், முதலில் ஆங்கிலத்தில்,
பிறகு பதற்றத்தில் தமிழில்.
பக்கத்தில் கையுறை மாட்டிக்கொண்டிருந்தவர்
(தலைக்கவசத்தில் 'பூவலிங்கம்', பாதி அழிந்த மையில்)
நிமிர்ந்தார்.
'எதுக்கு மாத்துறீங்க?
இங்க அவசரப்படாம பேசுறது
அந்தக்கா ஒண்ணுதான்.'

அந்தக்கா நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
எடுத்த வேகத்தில்
அவர் நம்பியிருக்க மாட்டார்.

இன்று புதிய தாள் வந்திருக்கிறது. ஏணி பற்றி.
பதிவில் நாற்பத்தெட்டாயிரம், கோப்பில் நாற்பத்தெட்டாயிரம்,
ஏற்றுமதியில் நாற்பத்தெட்டாயிரம்.
மூன்றையும் விரல் வைத்துப் பார்த்தாயிற்று.
இந்த முறை நானே தண்ணீரில் இறங்கி நடந்தேன்.
'ஏணியின் அடியைப் பாருங்கள்.
இன்னொரு முறை பாருங்கள்.'
மேல்வீட்டுக் காய்களும் ஏனோ காத்திருந்தன.

சியூ லிங்கின் பதில் நள்ளிரவில்:
நன்றாக இருக்கிறது, ஆனால் பதினோரு வினாடி அதிகம்.
குறைக்க முடியுமா, லாரி கிளம்பிவிடும்.

சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அலமாரிக்குள் அமர்ந்து
எந்தப் பதினோரு வினாடி என்று
கோட்டை முன்னும் பின்னும் உருட்டுகிறேன்.
எல்லாவற்றிலும்
யாரோ ஒருவர் ஏணியில் நிற்கிறார்.