அளவுப் புத்தகம்

தேர்தல் முடிந்த இரண்டாம் இரவு,
லெபோ பாசாரில் பூக்கடைகள் படுதா இறக்கியபின்
என் கடையின் பின்கதவைத் தட்டுகிறார்கள்.
முன்கதவு திறந்துதான் கிடக்கிறது.

நாற்பது தொகுதி. இருபத்தொன்று இருந்தால் அரசு.
நங்கூரத்துக்குப் பதினாறு,
குடைக்குப் பதினைந்து,
சேவலுக்கு வெறும் ஐந்து.
மீதி நால்வர், யாருக்கும் சொந்தமில்லை
என்று போஸ்டரில் போட்டுக்கொண்டு வந்தவர்கள்.
குர்னி கடற்கரை ஹோட்டலின் பதினோராம் மாடியில்
விளக்கே அணையவில்லையாம்.
டிவியில் அந்தச் சன்னலைக் காட்டுகிறார்கள்.
சன்னலில் என்ன தெரியும்?
எனக்கு இடுப்பளவு தெரியும்.

புதன் இரவு குடைக்காரர்கள் ஐந்து பேர்.
பதவியேற்புக்குக் கறுப்புக் கோட்டு, சீக்கிரம்.
எந்த இலாகா என்று கேட்டால் ஒரு சிரிப்பு.
டான் ஹுவாட் கீ மூச்சை இழுத்து
வயிற்றை உள்ளே வைத்தார்.
விடுங்கள் டத்தோ, நாற்காலியில் உட்கார்ந்தால்
அது வெளியே வந்துதான் ஆகும் என்றேன்.
நிலமும் நீரும் தனக்குத்தான் என்றார்.
பத்து நிமிடம் கழித்து இன்னொருவரும் சொன்னார்,
அதே கண்ணாடி முன்னால்,
அதே மாதிரி காலை அகட்டி.

வியாழன் விடிகாலை போன்.
"அக்கா, துணியை வெட்டாதீங்க."
வெட்டியாயிற்று.
சேவல் வேறு கூரைக்குப் போய்விட்டதென்று
அப்போதே எனக்குத் தெரியும்.
செய்திக்குத் தெரிய மத்தியானம் ஆனது.

அன்றிரவு நங்கூரம் வந்தது.
ஹாஜி ருஸ்டி, புவான் நோர்ஹயாத்தி,
வியர்த்த சொங்கோக்கைக் கக்கத்தில் இடுக்கியபடி
சேவலிலிருந்து மூன்று பேர்.
பத்து நாற்காலிக்குப் பதினான்கு பேர்
அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள்.
நான் கணக்குக் கேட்கவில்லை.
முன்பணம் கேட்டேன்.

நம்மவர்களுக்கு ஒன்று. எப்போதும் ஒன்று.
அந்த ஒன்றுக்கு இருவர்:
எட்டரைக்கு அமிர்தகடேசன்,
பட்டர்வொர்த்தில் ஃபெரி பிடித்து
ஒன்பதேகாலுக்கு வாகீசன்.
உனக்குத்தான் என்று தலைவர் வாய்விட்டுச் சொன்னாராம்,
இருவரிடமும்.
ஒருவர் தமிழ்ப்பள்ளி நிலத்தைப் பற்றிப் பேசினார்.
மற்றவரும் அதைத்தான் பேசினார்,
நிருபர்கள் சுற்றி நிற்பதுபோல் குரலை உயர்த்தி.
மார்பு நாற்பது. கை இருபத்து நான்கு.
இரண்டு பேருக்கும்.

இரண்டு கோட்டுக்குப் பணம் வாங்கினேன்.
ஒன்றுதான் தைத்தேன்.
பாவமென்றால் பாவம்.
துணி மீட்டர் எண்பது வெள்ளி.

சனி மூன்று மணிக்குப் பதவியேற்பு.
பன்னிரண்டுக்கு வாசலில் ஒரு கார்.
இதுவரை யாரும் பேர் சொல்லாத ஒரு மனிதர்,
அந்த நால்வரில் ஒருவர், குணவழகன்.
சாப்பிட்டுக் கழுவிய கை இன்னும் ஈரம்.
"இருபத்தொண்ணு பத்தாதாம் அக்கா.
ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தா கவுந்துடுமாம்.
என்னைக் கூப்பிட்டாங்க."
மார்பு நாற்பத்து மூன்று.

அந்த ஒரே கோட்டை உள்புறம் திருப்பினேன்.
பக்கத் தையலில், நான்கு விளிம்பிலும்
முக்கால் முக்கால் அங்குலம் மடித்து விட்டிருந்தேன்.
யார் வருவார் என்று தெரியாத ஊரில்
ஒட்ட வெட்டக் கூடாது.
பிரித்தேன். விட்டேன். மறுபடி அடித்தேன்.
பழைய தையல் ஓடிய இடத்தில்
ஊசித்துளைகள் வரிசையாக நின்றன,
ஆவி இஸ்திரிக்கும் போகாமல்.
கையைத் தூக்காதவரை தெரியாது என்றேன்.

உறுதிமொழிக்குக் கையைத் தூக்கினார்.

அவருக்குக் கிடைத்தது ஒற்றுமையும்
இதர விவகாரங்களும்.
தமிழ்ப்பள்ளி நிலம் எந்த இலாகாவில் என்று
அறிவிப்பில் வரவில்லை.

பின்கதவுக் கொடியில் குடைக்காரர் கோட்டுகள் ஐந்து.
பணத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.
டான் ஹுவாட் கீ மட்டும்
போனில் ஒரு வரி அனுப்பியிருக்கிறார்:
வைத்திருங்கள்,
உடம்பைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.