காற்றுச் சீற்

பதினேழாம் நம்பர் சாவிக்கு
மூன்று ஆணி மசிந்தது.
நாலாவது துருவேறித் தரையோடு ஒட்டிக் கிடந்தது.
முபாறிஸ் கிரைண்டரை வைத்தான்.
பொறி பறந்தது,
கிண்ணியா வெயிலுக்குள் அது தெரியவேயில்லை.

பழைய சீற்றைத் தூக்கி மணலில் போட்டோம்.
பதினொரு வருஷம் நான் இருந்த பள்ளம்
அதில் அப்படியே இருந்தது.
பட்டறைக் கோழியொன்று ஏறிப் பார்த்து
அளவு சரியென்று படுத்துக்கொண்டது.

அடியில்
ஒரு சீப்பு, மா ஆலை வாசல் துண்டுகள்,
பிறகு, எப்போதோ தேடி அலைந்து
கஜீபனைச் சந்தேகப்பட்டு
கொழும்பு போய்வரும்வரை
அவனோடு கதைக்காமல் இருந்தேனே
அந்த ஆயிரம் ரூபாய்த் தாள்.
மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.
அவன் பார்த்தான்.
ஆணிகளைப் பொறுக்கினான்.

போன மாதம் பெரியாஸ்பத்திரியில்
டாக்குத்தர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
நாலுக்கும் அஞ்சுக்கும் இடையில் ஒன்றுமில்லை என்றார்.
ஒன்றுமில்லையென்றால் நல்லதுதானே, ஐயா?
இருக்கவேண்டிய இடத்தில்
ஒன்றுமில்லை என்றார்.

மனைவி எடுத்த சீட்டு.
சீட்டுக் காசில் சீற்றா என்று தானே சிரித்து
எண்பத்தையாயிரத்தை
இரண்டுதரம் எண்ணித் தந்தாள்.

யப்பான் வண்டியொன்றை உடைத்த இடத்தில் கிடைத்தது.
ஓட்டைகள் இரண்டு விரல் தள்ளி விழுந்தன,
இரும்புத் துண்டு வைத்து ஒட்டினோம்.
பிரேக் தாங்கியிலிருந்து
சுண்டுவிரல் மொத்தத்தில் ஒரு குழாய்.
ஏறி இருந்தேன்.
புஸ்ஸென்று என்னைத் தூக்கியது.
நாற்பத்தெட்டு வயதில்
யாரோ கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கியதுபோல
ஒரு கூச்சம்.

சோடி இல்லையா என்று கேட்டேன்.
"இடப்பக்கம் அடிவாங்கின வண்டி, அண்ணே."
அதற்குமேல் நான் கேட்கவில்லை.
கஜீபன் கைகழுவிக்கொண்டிருந்தான்,
தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

சீனக்குடாவில் மா ஏற்றி
தம்பலகாமம் சந்தி தாண்ட இரவு ஒன்பது.
கந்தளாய்க்கு முன்னால், மதகடியில் ஒரு வெட்டு.
கண்ணால் பார்த்ததில்லை, முதுகால் தெரியும்.
இந்தமுறை அது வரவில்லை.
வந்திருக்கிறது,
கஜீபனுக்கு மட்டும்.

அவனுடைய பலகை, அதன்மேல்
நாலாய் மடித்த மாச் சாக்கு.
அவன் எழும்பி விழுந்தான்.
நான் மிதந்தேன்.

முந்தி இரண்டுபேரும் ஒன்றாய்க் குலுங்குவோம்.
கதை அறுந்தாலும்
இரண்டுபேருக்கும் ஒரே இடத்தில் அறும்.
இப்போது தங்கச்சியின் கலியாணப் பேச்சை
பாதியில் விட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறான்.
சாய்ந்தபடி நான் கேட்கிறேன்,
"ம்ம், பிறகு?"

கல்லோயாச் சந்தியில் நிறுத்தினேன்.
தாளை எடுத்து நீட்டினேன்.
"என்னத்துக்கு?"
"சீற்றுக்கு அடியில கிடந்தது."
"அது உங்கட காசுதானே, அண்ணே."
"ஓம்."
கையை மடக்காமல் நின்றேன்.

வாங்கிப் போனான்.
இரண்டு பிளேன்ரீ, எனக்கென்று ஒரு பணிஸ்.
மிச்சம் எண்ணூற்றிருபதையும்
வெளிச்சத்தில் பிடித்து எண்ணி
என் உள்ளங்கையில் வைத்தான்.
இருபது ரூபாய்
குற்றிகளாக.

தேத்தண்ணி ஆறும்வரை
இரண்டுபேரும் ரயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
பதினெட்டு ரயர்,
பார்க்க நிறைய இருந்தது.

ஏறி இருந்து குமிழைத் திருப்பினேன்.
காற்று இறங்கியது.
அவன் தோளுக்கு என் தோள் வந்ததும் விட்டேன்.
முள்ளந்தண்டு உடனே ஆளைக் கண்டுகொண்டது.

ஹபரணைக் காடு தொடங்கியது.
யானைப் பலகை கடந்தது.
கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டான்,
"கண்ணாடி தெரியுதா?"

"அரைவாசி."

"அப்ப ஏத்துங்கோ.
பின்னால இருபத்தெட்டுத் தொன் வருது."

ஏத்தினேன்.
கொஞ்சம்.