நாடா கட்டும் இடம்

ஆபரேஷனுக்கு முந்தின நாள்
தஞ்சாவூர் மெடிக்கலில்
நர்ஸ் செலின் ஊதாப் பேனாவோடு வந்து கேட்டாள்:
"பாவாடை நாடா எங்கேம்மா கட்டுவீங்க?"
நின்று காட்டினேன்.
"உட்காருங்க." உட்கார்ந்தேன்.
"குனிங்க."
குனிந்தேன், நாற்று நடுகிற குனி.
"இவ்வளவு குனிவீங்களா?"
"காலையில ஆறு மணியிலேர்ந்து."
மடிப்பு விழாத ஓரிடம் தேடி
இடது பக்கம், நாடாவுக்குக் கீழே
வட்டம் போட்டாள்.
என் உடம்பில்
என்னைக் கேட்டு யாரோ வைத்த முதல் புள்ளி.

இப்போது அங்கே இருக்கிறது அது,
வெற்றிலை போட்ட வாய் மாதிரி.
தொட்டால் வலிக்காது.
தானாக அசையும், சுருங்கும்,
சொல்ல வந்ததை மறந்துவிட்டதுபோல.
முதல் பதினைந்து நாள் நான் பார்க்கவில்லை.
பக்கிரிதான் பார்த்தார், துடைத்தார்.
ஈனுகிற மாட்டுக்குள் கைவிட்டுக் கன்றைத் திருப்புகிறவர்,
பை ஒட்டும்போது மட்டும் கை நடுங்கியது.

ஒரு பை, ஒரு நாள் நடவுக்கூலி.
மூன்று நாளில் மாற்றச் சொன்னார்கள்.
ஐந்து நாள் ஓட்டுகிறேன்.
ஐந்தாம் நாள் பசைவிட்டுத் தோல்
கடல் தண்ணீர் ஏறின கடைமடை வயலாட்டம்
பொரிந்து கிடக்கும்.
சித்திரை வேர்வைக்கு நாலுகூடத் தாங்கவில்லை.

சாப்பாட்டில் பெரிய குறையில்லை.
மொச்சையை விட்டேன், பலாச்சுளையை விட்டேன்.
கல்யாண மண்டபத்துக்குப் போவதில்லை.
மேளம் நிற்கிற நேரம் பார்த்துத்தான் அது பேசும்.
பக்கிரியின் பக்கம் திரும்பிப் படுக்க
ஐந்து மாசம் ஆயிற்று.
அதைப் பற்றி இவ்வளவுதான் சொல்வேன்.

புரட்டாசியில் கச்சனத்துக்குக் கிழக்கே
தனபாக்கியம் செட்டோடு நடவுக்குப் போனேன்.
பன்னிரண்டு பேர்.
வயிற்றில் துண்டு, மேலே பக்கிரி சட்டை.
நாலு வரிசை தாண்டவில்லை,
பை கனத்தது.

முப்பது வருஷம் அடக்கியிருக்கிறேன்.
விடியுமுன் போனால் அப்புறம் இருட்டுக்குத்தான்.
ஒரு புதர் கிடையாது இந்தச் சமவெளியில்.
வரப்பில் யாராவது போய்க்கொண்டே இருப்பார்கள்.
கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு
நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நட்டோம்.
அடக்கினதால்தான் வந்ததா என்று டாக்டரைக் கேட்டேன்.
"அப்படிச் சொல்ல முடியாதும்மா."
முடியாதுதான். ஆனால் கேள்வி
இன்னும் என்னிடமே இருக்கிறது.

இதற்கு அடக்கத் தெரியாது.
அதற்கான சதையே இல்லையாம்.
வெட்கத்துக்கும் ஒரு சதை வேண்டும்போல.

நிமிர்ந்தேன்.
"எங்கடி?" என்றாள் தனபாக்கியம்.
"பை ரொம்பிட்டுக்கா."
எட்டு மாசம் ஊருக்கு மறைத்ததை
சேற்றில் நின்று சொல்லிவிட்டேன்.
குனிந்திருந்த பதினோரு முதுகும் நிமிர்ந்தன.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
தூரத்தில் ஒரு கொக்கு மட்டும் இடம் மாறியது.

மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நின்று
அடிமுனைக் கவ்வியை அவிழ்த்து,
குழி தோண்டி, கொட்டி, மூடி,
செம்புத் தண்ணீரில் கழுவினேன்.
திரும்பினால் சுகந்தி நிற்கிறாள்,
கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள்.
"எனக்கும் போவணும்க்கா. காலையிலேர்ந்து."
அவளுக்கு என் சேலையைப் பிடித்து நின்றேன்.
அப்புறம் மேகலா வந்தாள். அப்புறம் இன்னொருத்தி.

மறுநாள் நாலு மூங்கில் குச்சியும்
கிழிந்த சேலை ஒன்றும்
தனபாக்கியமே கொண்டுவந்தாள்.
என்ன இது என்றார் வயல்காரர்.
"கிளி ஓட்ட" என்றாள் அவள், நிமிராமலே.

என் பங்கு நாலு வரிசை பின்தங்கிக் கிடந்தது.
வந்து பார்த்தால் நட்டாகிவிட்டது,
கொஞ்சம் கோணலாக.
யாரென்று கேட்கவில்லை.

இன்று ஐந்தாம் நாள்.
கூலி முந்தானை முடிச்சில்.
திருத்துறைப்பூண்டி மருந்துக்கடை
ஒன்பதுக்கு அடைப்பான்.