நான்காம் தடம்

எங்கள் வீட்டில் யாருக்கும் பாதம் நேராக நிற்காது.
அப்பாவின் இரண்டாவது கல்யாணப் புகைப்படத்தில்
அப்பா வில்மோஷ், சித்தப்பா, அவருடைய இரண்டு பெண்கள்,
ஓரத்தில் நான்:
பத்துப் பாதமும் வாத்துப் பாதம்,
ஒன்று கிழக்கே பார்த்தால் ஒன்று மேற்கே.

நடக்கத்தான் அசிங்கம். தண்ணீரில் அது சொத்து.
மார்பு நீச்சலில் அந்தக் கணுக்கால் திரும்பி
அகப்பையால் அள்ளுவதுபோல் நீரைத் தள்ளும்.
திசா ஆற்றங்கரை ஊர்களில்
பட்டியலில் எங்கள் குடும்பப் பெயரைக் கண்டதும்
மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள்
தெர்மாஸைத் திறந்து தேநீர் ஊற்ற ஆரம்பித்துவிடுவார்கள்.
முடிவு தெரிந்த பந்தயத்துக்கு எதற்குக் கண்.

ஆனால் மல்லாந்தோமோ, மூழ்கினோம்.
இடுப்பு முதலில். பிறகு தொடை. பிறகு மானம்.
"உங்கள் ரத்தத்தில் இல்லை" என்றார் பயிற்சியாளர் ஷரோல்டா.
ஈர நோட்டில் எங்கள் மூவர் பெயருக்கும் நேரே
ஒரே கோடாக இழுத்தார்.

மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லித் தர வேண்டாமாம்.
எந்த நீச்சல் என்று யாரும் கேட்டதில்லை.
நானும் கேட்கவில்லை, முப்பது வருஷம்.

சோங்கோர் எங்கள் ரத்தம் இல்லை.
அந்தக் கல்யாணத்தில்தான், ஒன்பது வயதில்,
தன் அம்மாவோடும் ஒரு தையல் மெஷினோடும் வந்தவன்.
புகைப்படத்தில் அவன் பாதம் மட்டும் தண்டவாளம்.
மார்பு நீச்சலில் அவன் கால் கத்தரிக்கோல்;
நடுவர் கை தூக்காத நாள் இல்லை.

போன பிப்ரவரியில்தான் கவனித்தேன்.
நாற்பது தாண்டியவர்களுக்கான மெட்லிக்கு
இருவரும் பெயர் கொடுத்திருந்தோம்.
பயிற்சியில் அவன் மல்லாந்து வருகிறான்:
மோவாய் நெஞ்சில் ஒட்டி,
கண் இடுங்கி,
இடுப்பு கிணற்றில் விட்ட வாளியாய் இறங்க,
அப்பா. சித்தப்பா. நான்.
அச்சு அசல் எங்கள் வீட்டுப் பிள்ளை.

இரவு மீன் சூப்பின் சிவப்புக்கு மேலே குனிந்தபடி கேட்டேன்,
ரத்தமில்லாத இடத்தில் எப்படி ஊறியது என்று.
கரண்டியை வைத்துவிட்டு மேலே காட்டினான்.
"சொட்டு" என்றான்.

சொட்டு.
பழைய வெந்நீர்க் கூடம், நான்காம் தடம்,
மாலை ஐந்து மணிக்கு எங்களுக்கு எப்போதும் அதுதான்.
மேலே இரும்பு உத்தரம்.
ஆவி அதில் ஏறி, குளிர்ந்து, கனத்து,
மல்லாந்த கண்ணைப் பார்த்து விழும், ஐஸ் ஊசி.
அப்பா அங்கே கற்றார். சித்தப்பாவும்.
கண்ணைக் காக்க மோவாய் ஒடுங்கும்;
தலை எழுந்தால் இடுப்பு தாழும், தராசு மாதிரி.
ரத்தம் என்று நாங்கள் நம்பியது
ஒரு கூரை.

கோபம் வந்தது. சிரிப்பும்.
அப்பாவுக்குப் போன் செய்தேன்.
"அதெல்லாம் எலும்பு" என்றார். வைத்துவிட்டார்.

மறுவாரத்திலிருந்து நெற்றியில் பிளாஸ்டிக் தம்ளர்,
பாதி தண்ணீர்.
திறந்தவெளிக் குளம், ஆவி, அதற்கு மேல் பனி.
கவிழாமல் இருபத்தைந்து மீட்டர் போக வேண்டும்.
முதல் நாள் நாலு கைவீச்சு.
காதுவரை தண்ணீர் இருக்கட்டும், தொப்புளைத் தூக்கு
என்று என்னை நானே அதட்டி
பதினோராம் நாள் பாதி தூரம்,
பன்னிரண்டாம் நாள் மறுபடி நாலு.
சோங்கோர் கரையில் சூரியகாந்தி விதை கொறித்தபடி
தம்ளர் விழும்போதெல்லாம் "ரத்தம்!" என்று கத்தினான்.

அவன் கத்தரிக்கோலுக்கு என்னிடம் மருந்தில்லை.
சுவரைப் பிடித்து, பாதத்தை வெளியே
திருப்பித் திருப்பிக் காட்டினேன்;
அவன் கணுக்கால் பூட்டிய கதவு.
எல்லாமே கூரை இல்லை போலும்.

போட்டியில் என் மல்லாந்த நீச்சல் இரண்டு விநாடி குறைந்தது.
எட்டுப் பேரில் ஏழாவது.
அதற்கு நான் கேக் வெட்டினேன்.

நேற்று பழைய கூடத்துக்கு மகளைக் கூட்டிப்போனேன்.
பிரோஷ்கா, ஆறு வயது, பாதம் வாத்து.
நான்காம் தடம் காலி. மல்லாந்தேன்.
உத்தரத்தில் ஒன்று உருண்டு நிற்பது தெரிந்தது,
நின்றது, இன்னும் கனத்தது.
மோவாய் தானாக அசைந்தது.

"அம்மா, என்ன பார்க்கிறாய்?" ஐந்தாம் தடத்திலிருந்து குரல்.
அதற்கு மேலே உத்தரம் இல்லை;
அதனால்தான் அவளை அங்கே விட்டிருந்தேன்.

விழுந்தது. இமைத்தேன்.
இடுப்பு மேலேயே இருந்தது.